ராஜவேலு அண்ணன் வருஷா வருஷம் மாற்றிய பெல்ட்

எனக்கு வாய் ஜாஸ்தி. கோட்டைக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைச் சொல்வார்கள், அப்புறம்தான் பெயர் மாலா என்பார்கள். பொன்னேரி மார்க்கெட்டில் இறாலும் மடவையும் விற்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் காலையில் தூக்கிக்கொண்டு போன கூடை சாயங்காலம் அப்படியே வீட்டுக்கு வரும். பத்தாவது வரை படித்தவள் நான். சண்டை போட ஒரு தமிழ், எழுத ஒரு தமிழ் என்று இரண்டும் என்னிடம் உண்டு. ராஜவேலு அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்ததால் இரண்டாவதை எடுத்திருக்கிறேன். நடுவில் முதலாவது எட்டிப்பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜவேலு அண்ணன் எங்கள் குப்பத்தில் கார் ஓட்டுகிறவர். அதற்கு முன்னால் சொந்த ஃபைபர் போட்டு, அதாவது படகு, சொந்த இன்ஜின் என்று கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் மனைவி எல்லம்மா அண்ணிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன வருஷம், போட்டையும் இன்ஜினையும் விற்றுவிட்டு ஒரு பழைய டீசல் காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். ஊரே சிரித்தது. வலைக்காரன் போட்டை விற்றுக் கார் வாங்குவானா, யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கையில் காசு வந்ததும் புத்தி கெட்டுவிட்டது என்றார்கள்.

காரணம் எங்களுக்குப் போகப்போகத்தான் புரிந்தது. திங்களும் வியாழனும் பொன்னேரி ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் அண்ணி உயிரோடு இருக்க முடியும். டயாலிசிஸ் என்கிறார்கள். போகும்போது பஸ்ஸில் போய்விடலாம். முடிந்து வரும்போது அண்ணியால் நிற்க முடியாது, கண் இருட்டிக்கொண்டு வரும், சில நாள் வாந்தி. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிற உடம்பா அது? ஆட்டோ வைத்தால் வாராவாரம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் போட்டை விற்றிருக்கிறார். முன்சீட்டை அண்ணிக்காகச் சாய்த்து வைத்தார். பின்சீட்டில் நானும், என்னோடு மீன் விற்கிற மணியம்மாளும். டிக்கியில் எங்கள் மீன் பெட்டிகள். மீன் கூடையைக் கண்டால் பஸ்ஸில் முகத்தைச் சுளிக்கிறார்கள், இந்தக் காரில் யார் சுளிப்பது? நாங்கள் கொடுக்கிற கூலியில் டீசல் போகும். மற்ற நாளிலும் எங்களை ஏற்றிப்போவார். ஆக அந்தக் கார் ஓடினால் அண்ணி உண்டு, நின்றால் இல்லை. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

கடலையும் போட்டையும் விட்டாலும் பழவேற்காடு ஏரியில் அவருக்கு ஒரு உரிமை மிச்சம் இருந்தது. எங்கள் ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். உன் முறை வருகிற நாள் அந்த இடம் உன்னுடையது, வேறு யாரும் வலை இறக்கக் கூடாது. இறால் ஓடுகிற மாதத்தில் ஒரு நல்ல பாடு விழுந்தால் போதும், வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அண்ணன் தன் பாட்டு நாளில் மட்டும் காரை நிறுத்திவிட்டு ஏரியில் இறங்குவார்.

இனி பெல்ட்டுக்கு வருகிறேன்.

பழவேற்காடு பஜாரில் முகம்மது ரியாஸ் என்று ஒரு மெக்கானிக். சின்ன வயசுதான், ஆனால் கைராசிக்காரன். கார் வாங்கிய கொஞ்ச நாளில் அவன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, டைமிங் பெல்ட்டை மாற்றச் சொன்னான். அது இன்ஜினுக்குள் ஒரு பக்கமாக, மூடிக்குள்ளே ஓடுகிற ரப்பர் பெல்ட். மேலே வால்வையும் கீழே பிஸ்டனையும் தாளம் தப்பாமல் ஓட வைப்பது அதுதான். கூடவே ஓடுகிற உருளையையும் தண்ணீர் பம்பையும் சேர்த்து மாற்றினால் ஒன்பதாயிரம் ஆகும், மாற்றினால் நாலைந்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றான்.

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு ரப்பர் பட்டைக்கு ஒன்பதாயிரமா என்று கேட்டார். காருக்குள் காதை வைத்துக் கேட்டார். போட்டு இன்ஜினை அவர் அப்படித்தான் பார்ப்பார், சத்தத்தை வைத்தே எந்தப் பாகம் கெடப் போகிறது என்று சொல்லிவிடுவார். இன்ஜின் சொகமா ஓடுது, ஒரு குறையும் கேட்கவில்லையே என்றார். இந்தப் பெல்ட் சத்தம் போடாது, கெடப் போகிறேன் என்று சொல்லாது, ஒரு நாள் ரோட்டில் அறுந்துவிடும், அறுந்தால் வால்வெல்லாம் பிஸ்டனில் இடித்து வளைந்து இன்ஜினே போகும், அப்போது ஒன்பது நாற்பதாகும் என்று ரியாஸ் பொறுமையாகச் சொன்னான். முன்சீட்டில் யார் உட்கார்ந்து போகிறார்கள் என்று யோசித்தாரோ என்னவோ, அண்ணன் அதற்கு மேல் பேரம் பேசவில்லை. அந்த வருஷத்துப் பாட்டில் வந்த இறால் காசை அப்படியே எடுத்துக் கொடுத்து நல்ல பெல்ட்டாகப் போடச் சொன்னார்.

அதே சமயத்தில் எல்லம்மா அண்ணி மனசு விட்டுப்போய்க்கொண்டிருந்தாள். அவள் லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண். ஒரு காலத்தில் தலையில் இரண்டு கூடை அடுக்கிக்கொண்டு எங்களை முந்தி நடந்தவள். இப்போது ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது, ஊசி போடுகிற இடது கை வீங்கிக் கிடக்கும், குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டும். ஒரு வியாழக்கிழமை கிளம்புகிற நேரத்தில் காரில் ஏற மாட்டேன் என்று வாசப்படியில் உட்கார்ந்துவிட்டாள். கடலுக்குப் போன ஆம்பிளையை ரோட்டில் அலைய விட்டுவிட்டேன், தின்கிறேன், படுக்கிறேன், வேறு எதற்கு உதவுகிறேன், போதும் என்றாள். அழவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்றைக்கு நானும் மணியம்மாளும் திட்டியும் கெஞ்சியும் ஏற்றினோம். அடுத்த வாரம் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவளே ஏறினாள். காரணம் ஒரு எண்ணெய் டின்.

எங்கள் ஊர்க் காற்றில் உப்பு. இரும்பு என்று ஒன்றை வெளியே வைத்தால் ஒரே மழையில் துரு பூத்துவிடும். அதனால் போட்டு இன்ஜினை நல்ல தண்ணீரில் கழுவி, பழைய இன்ஜின் ஆயிலைப் பிரஷில் தொட்டு மூலை முடுக்கெல்லாம் பூசி வைப்பது குப்பத்து வழக்கம். அண்ணி சின்னப் பெண்ணாக இருக்கும்போது அவள் நைனாவின் இன்ஜினுக்கு அவள்தான் பூசுவாளாம். சனிக்கிழமை பொன்னேரியில் பாதிப் பேர் கவுச்சி தொட மாட்டார்கள், வியாபாரம் மந்தம், கார் வீட்டில் நிற்கும். அப்படி ஒரு சனிக்கிழமை அண்ணி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அண்ணனைப் பானெட்டைத் திறக்கச் சொல்லி, வலது கையால் இன்ஜின் முழுக்க எண்ணெய் பூசியிருக்கிறாள். ஒரு திருகாணி விடவில்லை. முடித்ததும், என் கை இருக்கிற வரைக்கும் உன் வண்டி துரு பிடிக்காது என்று சொன்னாளாம். அன்று முதல் சனிக்கிழமை தோறும் இதுதான் அவள் வேலை. காரில் ஏற மாட்டேன் என்ற பேச்சு அதோடு நின்றுபோனது. மார்க்கெட்டில் யாராவது கார் பளபளவென்று இருக்கிறதே என்றால் அண்ணிக்கு முகம் மலர்ந்துவிடும்.

பெல்ட் போட்டு ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு திங்கட்கிழமை விடியலில் திருப்பாலைவனம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். கார் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது, திடீரென்று அடங்கிவிட்டது. இருமவில்லை, முனகவில்லை. அண்ணன் சாவியைத் திருப்பினார், திருப்பினார், உள்ளே கடகடவென்று ஏதோ உருண்டது. அவர் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நல்லவேளை ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. அதில் இருந்தவர்களிடம் கெஞ்சி இறக்கி அண்ணியை ஏற்றி, கூட மணியம்மாளை அனுப்பினோம். நான் மீன் பெட்டிகளோடு ரோட்டில் நின்றேன். பனிக்கட்டி உருகிப் போய், அன்றைக்கு எடுத்த அத்தனை இறாலும் நிறம் மாறிவிட்டது. யாருக்குத்தான் வயிறு எரியாது?

காரைக் கட்டி இழுத்து ரியாஸ் கடைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் நானும் போனேன், மணியம்மாளும் வந்தாள். காரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அண்ணியும் ஆட்டோவில் வந்து இறங்கி, கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பெல்ட்தான் அறுந்தது என்று தெரிந்ததும் நான் ஆரம்பித்துவிட்டேன். நாலைந்து வருஷம் உழைக்கும் என்று சொல்லிக் காசு வாங்கியவன் ஒரே வருஷத்தில் அறுந்துபோகிற டூப்ளிகேட்டை மாட்டிவிட்டான் என்று பஜாருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். ரியாஸ் முகம் சிவந்துவிட்டது. உள்ளே போய் அறுந்த பெல்ட்டை எடுத்து வந்தான், விரலால் தேய்த்தான், மூக்கருகே வைத்து மோந்தான். பிறகு நிமிர்ந்து அண்ணனைப் பார்த்து, "இன்னாண்ணா இது, யாரு இதுல..." என்று ஆரம்பித்தான்.

அண்ணன் அவனை முடிக்க விடவில்லை.

"அவன் மேல தப்பு இல்ல மாலா. நான்தான் கம்மி வெலைல ஒரு பெல்ட்டு இருந்தா போட்டுடுன்னு சொன்னேன். மிச்சக் காசை நான் வெச்சிக்கினேன்."

ரியாஸ் வாயைத் திறந்தான், அண்ணன் கண்ணைப் பார்த்தான், மூடிக்கொண்டான். பெல்ட்டை அழுக்குத் துணியில் சுருட்டி மேஜைக்குக் கீழே போட்டான்.

எனக்கு வந்ததே கோபம். பொண்டாட்டி உயிர் ஏறிப் போகிற வண்டிக்கா கஞ்சத்தனம் பார்த்தாய், நீயெல்லாம் மனுஷனா, உன்னை நம்பித்தானே இவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று அந்தப் பெரிய மனுஷனை ஏக வசனத்தில் கிழித்துத் தொங்கப் போட்டேன். எழுத முடியாத சிலதும் சொன்னேன். பஜாரில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று கேட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கடைசியில் எல்லம்மா அண்ணிதான் குறுக்கே வந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உடு மாலா. ஆம்பளைங்க அப்டித்தான். வாரா வாரம் எண்ணெ பூசி நான் காப்பாத்திக்கினு வரேன், இவரு பாரு, காசப் பாத்துக் கெடுத்துட்டாரு."

அண்ணனும் சிரித்தார். ஆமாம், உன் புத்தி எனக்கு இல்லை என்றார்.

இன்ஜின் தலையைக் கழற்றி, வளைந்த வால்வுகளை மாற்றி, பெல்ட், பம்பு எல்லாம் போட்டு முடிக்க நாற்பதாயிரத்துக்கு மேல் போயிற்று. அந்தப் பணத்துக்கு அவர் தன் பாட்டை விட்டார். அந்த இறால் பருவத்தில் தனக்கு வருகிற முறையையெல்லாம் தேவேந்திரன் என்கிற பங்காளிக்கு விட்டுக்கொடுத்து முன்பணமாக வாங்கிக்கொண்டார். எங்களில் ஒருவன் போட்டை விற்கலாம், வலையை விற்கலாம். பாட்டை விட்டால் ஏரியில் அவனுக்கு நிற்க இடமில்லை என்று அர்த்தம். அந்தப் பருவம் முழுக்க மற்றவர்கள் இறால் கொட்டும்போது அவர் கரையில் கார் துடைத்துக்கொண்டிருந்தார். கஞ்சத்தனம் பண்ணினவனுக்கு இப்படித்தான் வேண்டும் என்று ஊர் பேசியது. நானும் பேசினேன். பேசாமல் இருந்தேன் என்று இப்போது பொய் சொல்ல மாட்டேன்.

கார் இன்னும் கடையில் கிடந்தபோது அண்ணி ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள்; ரெடியாகத் தாமதமாகிறதே என்று ஒரு நாள் நான் மட்டும் ரியாஸ் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவனுக்கும் ஒரு பொறுமை உண்டு. அதற்குள் இவன் போடுகிற சாமானெல்லாம் டூப்ளிகேட் என்று பஜாரில் பேச்சாகியிருந்தது, அண்ணன் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டும் கொஞ்சம் இவன் மேலும் ஒட்டிக்கொண்டது. மேஜைக்குக் கீழே கையை விட்டு அந்தத் துணி மூட்டையை எடுத்து என் கையில் வைத்தான்.

"மோந்து பாருக்கா."

மோந்து பார்த்தேன். பழைய ஆயில் வாசனை. ரப்பர் ஊறி உப்பி, பல் பல்லாக இருக்க வேண்டிய இடமெல்லாம் கொழகொழவென்று மழுங்கிப் போயிருந்தது. பெல்ட் மூடியில் ஒரு மூலை உடைந்திருக்கிறது, பழைய கார், அந்த மூடி இப்போது கிடைப்பதில்லை, மேலே பூசின எண்ணெய் எல்லாம் அந்த வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது என்றான். இரும்புக்கு எண்ணெய் மருந்து, இந்த ரப்பருக்கு எண்ணெய் விஷம். நான் நல்ல பெல்ட்டுதான் போட்டேன் அக்கா என்றான்.

போட்டு இன்ஜினில் இந்த ரப்பர் சமாச்சாரத்தை அவள் எங்கே பார்த்தாள்? எங்கள் வழக்கப்படி எதைச் செய்தால் வண்டி வாழும் என்று நினைத்தாளோ அதைத்தான் வாராவாரம் உட்கார்ந்து செய்திருக்கிறாள். அவள் கையாலேயே கார் செத்திருக்கிறது. அது தெரிந்தால் அவள் மறுபடி அந்த முன்சீட்டில் ஏறுவாளா? ஏற மாட்டாள். அவ்வளவுதான்.

ஆனாலும் கோபம் போகவில்லை, இப்போது அது வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. நேராக அண்ணனிடம் போனேன். படகுத்துறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஊரே காறித் துப்பும்போது என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். உன் வாயை நம்பியா என்றார். அது நியாயம். சரி, போனது போகட்டும், இனிமேல் இன்ஜினுக்கு எண்ணெய் பூச வேண்டாம் என்று பக்குவமாக ஒரு வார்த்தை சொல்லிவிடு, காரணம்கூடச் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் ஏரியைப் பார்த்தபடியே சொன்னார்.

"தண்ணி குடிக்காதன்னு சொல்லியாச்சு. உப்பு வாணாம், பழம் வாணாம், வெயிட்டு தூக்காதன்னு சொல்லியாச்சு. இத்தையும் வாணாம்னு சொன்னா அவளுக்கு இன்னா மாலா மிச்சம்?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எண்ணெய்க்குப் பதிலாக டின்னில் வேறு ஏதாவது ஊற்றி வைக்கலாமே என்று யோசனை சொன்னேன். அவள் போட்டுக்காரர் மகள், இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தே இது எந்த எண்ணெய், எத்தனை நாள் ஓடின எண்ணெய் என்று சொல்லிவிடுவாள் என்றார். உடைந்த மூலையை ரியாஸ் பேஸ்ட் வைத்து அடைக்கப் போகிறான், முழுசாக நிற்காது, ஒரு வருஷம் தாங்கினால் போதும் என்றார். வருஷத்துக்கு ஒரு தரம், அறுந்துபோவதற்கு முன்னாலேயே, அவளுக்குத் தெரியாமல் பெல்ட்டை மாற்றிக்கொண்டே இருக்கப் போகிறார். அதுதான் அவர் முடிவு.

நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை செய்கிற செலவை ஒருவர் வருஷா வருஷம் செய்தார். பம்பையும் உருளையையும் விட்டுவிட்டுப் பெல்ட்டை மட்டும் மாற்றினாலும், கூலியோடு சேர்த்து எங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. அவருக்குப் பாடு திரும்ப வந்த பிறகு ஒவ்வொரு இறால் பருவத்திலும் முதல் நல்ல பாட்டுக் காசு ரியாஸிடம் போகும். நானும் மணியம்மாளும் கார் கூலியைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தோம். டீசல் விலை ஏறிவிட்டது என்று அவர் கேட்ட மாதிரியும், நாங்கள் சண்டை போட்டுவிட்டு ஒப்புக்கொண்ட மாதிரியும் அண்ணிக்கு எதிரிலேயே ஒரு நாடகம் நடத்தினோம். எனக்குச் சண்டை நடிப்பு கஷ்டமில்லை. ரியாஸ் தன் கூலியைப் பாதியாகக் குறைத்தான். கழற்றும்போதெல்லாம் பெல்ட் எண்ணெயில் ஊறி உப்பியிருக்கும். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் அறுந்திருக்கும் என்பான். அண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் பூசியிருக்கா எல்லம்மா என்பார். அவர் அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும், அழுகையும் வரும்.

சனிக்கிழமைகளில் அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்ப்பேன். கையில் பிரஷ், காலடியில் டின், திறந்த பானெட். திண்ணமாக நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். ஒரு முறை என்னைக் கூப்பிட்டு, நான் ஆஸ்பத்திரிக்குப் போவதே இந்த வண்டிக்காகத்தான், நான் போய்விட்டால் இதை யார் பார்ப்பார்கள், அவர் சும்மா ஓட்டத்தான் லாயக்கு என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். விளையாட்டாகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் மழை முடிந்து இறால் ஓடியபோது அண்ணனுக்கு நல்ல பாடு விழுந்தது. மார்க்கெட்டிலிருந்து திரும்பும் வழியில், அண்ணி இல்லாத ஒரு நாள், நேராக ரியாஸ் கடைக்கு விட்டார். நானும் இறங்கினேன். ரியாஸ் மூடியைக் கழற்றிப் பெல்ட்டை உருவி எடுத்தான். கட்டைவிரலால் தேய்த்தான். திருப்பிப் பார்த்தான். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

"அண்ணா, காஞ்சு கீதுண்ணா. ஒரு சொட்டு எறங்கல. இந்தத் தபா பேஸ்ட் நல்லா புடிச்சிக்கிச்சு. மாத்தவே வாணாம், காசு மிச்சம்."

நான் அல்லாவுக்கும் எங்கள் எல்லையம்மனுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டேன். அண்ணன் பெல்ட்டைக் கையில் வாங்கினார். மோந்து பார்த்தார். பிறகு பானெட்டுக்குள் குனிந்தார். மூடிக்கு மேலே இருக்கிற திருகாணிகளைத் தொட்டார், பக்கத்திலிருந்த இரும்புத் தகட்டைத் தொட்டார், இன்னும் உள்ளே கையை விட்டுத் தொட்டார். வெளியே எடுத்த விரலில் எண்ணெய் இல்லை. வெள்ளையாக உப்புப் பொடியும் சிவப்பாகத் துருவும் ஒட்டியிருந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேஸ்ட் ஒன்றும் பிடிக்கவில்லை. மேலே எண்ணெயே இல்லை, அப்புறம் எங்கிருந்து இறங்கும்? அண்ணி எத்தனை மாதமாகப் பூசவில்லையோ. சனிக்கிழமை தவறாமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள், பானெட்டைத் திறக்கச் சொன்னாள், பிரஷைக் கையில் பிடித்திருந்தாள். அந்தப் பிரஷ் டின்னைத் தொடுகிறதா, இரும்பைத் தொடுகிறதா என்று நாங்கள் ஒருத்தரும் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. நல்லதாக இருந்த வலது கையும் இந்த வருஷம் அவளுக்கு மடங்காமல் போயிருந்தது. சாப்பாட்டைக் கரண்டியால் எடுக்கிறாள் என்று மணியம்மாள் ஒரு நாள் சொன்னாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னால் முடியவில்லை என்று தெரிந்தால் இந்த மனுஷன் உடைந்துபோவார் என்று அவள் அவருக்காக உட்கார்ந்து காட்டியிருக்கிறாள்.

"மாத்திடு ரியாஸு" என்றார் அண்ணன்.

ரியாஸுக்குப் புரியவில்லை. நல்ல பெல்ட்டை எதற்கு மாற்றுவது, இன்னும் மூன்று நாலு வருஷம் தாராளமாகத் தாங்கும் என்றான்.

"தாங்கக் கூடாதுடா. மாத்து."

சொல்லிவிட்டு அவர் கடைக்கு வெளியே போய் நடைபாதையில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். போட்டை விற்றபோது அழாதவர். நான் கத்தியபோதும், பாட்டை விட்டபோதும் அழாதவர். பஜாரே பார்த்தது. ரியாஸ் என்னைப் பார்த்தான், பெல்ட் தாங்குகிறது என்றால் அண்ணியின் கை ஓய்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம் என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவன் புதுப் பெல்ட்டை எடுத்து மாட்டினான்.

அண்ணன் வீட்டில் எதையும் கேட்கவில்லை, எதையும் சொல்லவில்லை. சனிக்கிழமை நான் வேண்டுமென்றே அந்தப் பக்கம் போனேன். பானெட் திறந்திருந்தது. ஸ்டூலில் அண்ணி, அவளுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் அண்ணன் குனிந்து நின்றிருந்தார். இந்த வருஷம் காற்றில் உப்பு ஜாஸ்தியாகிவிட்டது, ஒரு ஆள் கை போதாது, நானும் கற்றுக்கொள்கிறேன், நீ காட்டு என்று சொல்லியிருக்கிறார். பிரஷை எண்ணெயில் நன்றாகத் தோய்த்து அவள் விரல்களுக்கு நடுவில் வைத்து, அந்தக் கையின் மேல் தன் கையை மூடிக்கொண்டார். இரண்டு கையும் சேர்ந்து திருகாணி திருகாணியாகப் போயின. இந்த மூலையை விட்டுட்ட, அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் என்று அண்ணி அதட்டிக்கொண்டிருந்தாள். பெல்ட் மூடியின் மேல் எண்ணெய் கருப்பாக வழிந்து, உடைந்த மூலை வழியாக உள்ளே இறங்கியது. அண்ணன் அதைத் துடைக்கவில்லை.